எல்லாம் பல் ஆஸ்பத்திரி பெயரில்

அந்த ஆபீஸில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரூட்டம்மா, அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள்கூட ஃபோனில் "ரூட்டம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். சர்வரில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற அதிகாரமுள்ள கணக்குக்கு ரூட் என்று பெயர். அது அவள் கையில் இருந்ததால் எவனோ ஒருவன் கேலியாக வைத்த பட்டம் அது. அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. வைத்தவனுக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. நான்கு மேஜை, அதில் ஒன்றுக்கு ஆளில்லை. முதலாளிக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. பின்பக்கம் ஒரு சின்ன அறையில் ஏசியைப் போட்டு, ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் சர்வர். கீழே டயரில் காற்றடிக்கும் சத்தமும் மேலே சர்வர் சத்தமும் சேர்ந்து, புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே தலைவலி வந்துவிடும்.

அந்த ஒரு சர்வருக்குள்தான் ஊரில் பாதிப் பேரின் வெப்சைட் இருந்தது. துணிக்கடை, டிரைவிங் ஸ்கூல், வக்கீல், பல் ஆஸ்பத்திரி என்று எல்லாரும் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் மாதிரி. ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். அதிலுள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அதை யார் படிக்கலாம், யார் மாற்றலாம், யார் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. துணிக்கடையின் ஃபைலை வக்கீலால் திறக்க முடியாது. உரிமையாளர் பெயர் தப்பாக மாறிப்போனால் துணிக்கடைக்காரரின் ஃபைலைத் துணிக்கடைக்காரராலேயே திறக்க முடியாது. அவருடைய சைட் படுத்துவிடும். இதையெல்லாம் ஒழுங்காக வைத்திருப்பதுதான் ரூட்டம்மாவின் வேலை. ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. என்ன பிழைப்போ, அதை அவள் அவ்வளவு ஆசையாகச் செய்தாள்.

வெப்சைட் செய்துகொடுக்கும் பையன்களுக்கு அவள் என்றால் சிம்மசொப்பனம். வேலை சட்டென்று முடியவேண்டும் என்பதற்காக, "அப்போதைக்கு எல்லாருக்கும் திறந்து விட்டுடுங்க மேடம்" என்பார்கள். "அப்போதைக்குத் திறந்ததை எவன் திரும்ப வந்து மூடினான்?" என்று கேட்டு ஃபோனை வைத்துவிடுவாள்.

அவளுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. பெரிய கட்டளை எதையும் கொடுக்கும் முன், இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று சர்வரிடம் கேட்பாள். பதில் வரும். பிறகு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடச் சொல்வாள். வந்த பட்டியலின் சூடு ஆறுமுன் இன்னொரு தரமும் போடச் சொல்வாள்.

"ஒரு தரம் பாத்தா பத்தாதாக்கா?" என்று ஒருநாள் நிதானம் கேட்டான்.

"முதல் தரம் கண்ணு பாக்கும். ரெண்டாம் தரம்தான் நான் பாப்பேன்."

நிதானம், அவளோடு வேலை பார்த்தவன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிவதற்குள் நாம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் ரூட்டம்மா வைத்த பெயர். வேலையில் கெட்டிக்காரன், இன்னும் நிரந்தரம் ஆகாதவன். மனைவிக்குப் பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் சேர்ந்தபோது முறைப்படி அவனுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டாக்கியிருக்க வேண்டும். யார் எப்போது என்ன செய்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். வாடிக்கையாளர்களிடம் இதைக் கரடியாய்க் கத்துகிறவள், தன் விஷயத்தில் மட்டும், "இருக்கறதே ரெண்டு பேரு, நமக்குள்ள என்ன?" என்று ரூட் பாஸ்வேர்டையே அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே பெயரில்தான் உள்ளே போவார்கள், வருவார்கள்.

வீட்டில் அவளும், தம்பியும், தம்பி மனைவியும். தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று ஃபோன் வரும் என்று சொல்ல முடியாது. தம்பி மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெண்ணுக்குக் கண் கூர்மை. சோப்புத்தூள் டப்பா ஃபிரிட்ஜுக்குள் இருந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். எடுத்து இருக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. ஒரே வேளையில் மூன்று தரம் "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்டபோதும், மூன்று தரமும் புதிதாகக் கேட்பதுபோலவே பதில் சொன்னாள். நாலைந்து மாதம் இப்படியே போனது.

பிறகு ஒருநாள் காலையில் சொன்னாள். "அண்ணி, புதன்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நானும் வரேன்."

"எனக்கென்ன கேடு? வேலைக்குப் போறேன், வரேன்."

"போன வாரம் பழைய வீட்டு ஸ்டாப்புல இறங்கி நின்னீங்களாமே. பஸ் கண்டக்டரு இவர்கிட்ட சொல்லியிருக்காரு."

ரூட்டம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோபம்தான். ஆனால் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ரூட் பாஸ்வேர்டு அப்புறம் அவள் கையில் இருக்காது. இருக்கவும் கூடாது, அது அவளுக்கே தெரியும். அது போய்விட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது? கல்யாணம் காட்சி என்று ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை. ஊர் முழுக்க அவளை நம்பித் தன் கதவுகளைக் கொடுத்திருந்தது, அது ஒன்றுதான் அவளுடையது. புதன்கிழமை வந்தது, போனது. மறந்துவிட்டேன் என்று சொன்னாள். அது பொய். அதை மட்டும் நன்றாக நினைவு வைத்திருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. அன்றைய மதியத்தில் ரூட்டம்மாவுக்கு நினைவிருந்தது இவ்வளவே. பல் ஆஸ்பத்திரியிலிருந்து, படம் ஏற்ற முடியவில்லை என்று ஃபோன் வந்தது. யாரோ சில ஃபைல்களைத் தப்பான பெயரில் போட்டுவிட்டிருக்கிறார்கள், உரிமையாளரை மாற்றினால் சரியாகிவிடும் என்று பதில் சொன்னாள். நடுவில் துணிக்கடைக்காரர் ஏதோ கேட்டார். அப்புறம் ஆபீஸிலிருந்த எல்லா ஃபோனும் ஒன்றாக அடித்தன.

எல்லார் சைட்டும் படுத்திருந்தது. நிதானம்தான் முதலில் கண்டுபிடித்தான். கண்டுபிடித்துச் சொல்வதற்குள் இன்னும் இரண்டு ஃபோன் வந்துவிட்டது.

"அக்கா... எல்லா ஃபைலும்... பல் ஆஸ்பத்திரி பேர்ல இருக்குக்கா."

"எந்த எல்லா ஃபைலும்?"

"எல்லாரோடதும்."

யாரோ பல் ஆஸ்பத்திரியின் ஃபோல்டரில் நின்று கொடுக்கவேண்டிய கட்டளையை, ஒரு படி மேலே, எல்லாருடைய ஃபோல்டரும் இருக்கும் இடத்தில் நின்று கொடுத்திருக்கிறார்கள். இங்கிருந்து கீழே உள்ள அத்தனைக்கும் இவர்தான் இனி உரிமையாளர் என்று சொன்னால், சர்வர் எதற்கு என்று திருப்பிக் கேட்காது, சொன்னது ரூட். வக்கீலின் வழக்குக் காகிதம், துணிக்கடையின் கணக்கு, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர்களின் விலாசம், எல்லாம் அந்த நேரத்தில் பல் டாக்டருக்குச் சொந்தம். ஒன்றும் அழியவில்லை. ஆனால் யாரும் தங்களுடையதைத் தொட முடியவில்லை.

அப்போது ரூட்டம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஃபோனையும் எடுக்காதே என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஃபோல்டரையும் எடுத்து அதனதன் பெயருக்கே திருப்பிக் கொடுக்கும் வரிகளை எதையும் பார்க்காமல் மடமடவென்று அடித்தாள். எந்தக் கடையின் மெயில் யார் பெயரில் இருக்கவேண்டும், எதை எழுத யாருக்கு அனுமதி, எதைப் பூட்ட வேண்டும் என்று வருஷக்கணக்கான விஷயம் அவள் விரலில் இருந்தது. சாயங்காலத்துக்குள் முக்கால்வாசிப் பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மீதியை, முன்பே நகலெடுத்து வைத்திருந்த பேக்கப்பை வைத்துச் சரிபார்க்க இரண்டு மூன்று நாள் ஆனது. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அது வேறு விஷயம்.

மறுநாள் முதலாளி இருவரையும் கூண்டுக்குள் கூப்பிட்டார். மணிக்கட்டு வலிக்காக அவர் எப்போதும் அமுக்கிக்கொண்டிருக்கும் ரப்பர் பந்து மேஜைமேல் சும்மா கிடந்தது. வக்கீல் வேறு இடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"யாரு பண்ணினது?"

"நான் இல்ல சார்" என்றாள் ரூட்டம்மா. "எங்க நிக்கிறேன்னு கேக்காம ஒரு எழுத்துகூட அடிக்கமாட்டேன். உங்களுக்கே தெரியும். பாஸ்வேர்டு இருக்கறது ரெண்டு பேர்கிட்ட."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் பெரிய கொடுமை. மனசாட்சியைத் தொட்டுச் சொன்னாள்.

முதலாளி நிதானத்தைப் பார்த்தார்.

"நான் அந்த நேரம்... டிரைவிங் ஸ்கூல் மெயிலைப் பாத்துட்டிருந்தேன் சார்."

"அப்போ பேய் வந்து பண்ணிச்சா?"

அவன் வாயைத் திறந்தான். ரூட்டம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். மாத முடிவோடு வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி.

அதற்குப் பிறகும் அவன் ஒழுங்காக வந்தான், ஒழுங்காக வேலை பார்த்தான், அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கான்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்று வீட்டில் வந்து பொரிந்தாள். "நானே முதலாளிகிட்டப் பேசியிருப்பேனே. கல்லுளிமங்கன்."

"அவருதான் பண்ணலைன்னு சொல்றாராமே, அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"பின்ன நானா பண்ணினேன்?"

தம்பி மனைவி திரும்பிக்கொண்டு பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். குழாயை வேண்டியதைவிடப் பெரிதாகத் திறந்துவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை நிதானம் வரவில்லை. மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். ரூட்டம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாத்திரம் தேய்த்த முதுகு அவள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, கையும் களவுமாகக் காட்டிவிடுகிறேன் என்று, ரூட் கொடுத்த கட்டளைகளைச் சர்வர் குறித்துவைத்திருக்கும் இடத்தைத் திறந்தாள். அதில் ரூட் என்றுதான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. இருந்தாலும் ஒருவர் உள்ளே வந்து வெளியே போகும்வரை செய்தது வரிசையாக ஒரே கொத்தாக இருக்கும். டிரைவிங் ஸ்கூல் மெயில் வேலை ஒரு கொத்தாக இருந்தது. அதில் தப்பு எதுவும் இல்லை.

அடுத்த கொத்தைப் படித்தாள். பல் ஆஸ்பத்திரி ஃபோல்டருக்குள் போயிருக்கிறார்கள். எங்கே நிற்கிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். பட்டியல். பட்டியல். பிறகு ஒரு படி மேலே ஏறியிருக்கிறார்கள், துணிக்கடையைப் பார்ப்பதற்காக இருக்கும். பட்டியல். மறுபடியும் பட்டியல். திரும்பிப் போகவில்லை. கேட்டாயிற்றே, பதில் வந்தாயிற்றே என்ற நினைப்பில் அங்கேயே நின்றபடி அந்தக் கட்டளை.

இந்த உலகத்தில் எதையும் இரண்டு தரம் பட்டியல் போட்டுப் பார்க்கிறவள் ஒருத்திதான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மதியத்தை இழுத்துப் பிடிக்கப் பார்த்தாள். துணிக்கடைக்காரரின் குரல் வரை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. இப்படி எத்தனை மதியங்கள் போயிருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஆபீஸில் யாரும் இல்லாததால் அழுதாள்.

அழுது முடித்ததும் வந்த புத்தி நல்ல புத்தி இல்லை. அவள் ரூட். அந்த வரிகளை அழிக்க நிமிஷ நேரம் போதும். விரலைக் கொண்டுபோய் வைத்தும்விட்டாள். அழித்திருப்பாள்தான், அதை மறைப்பானேன். அவளைத் தடுத்தது நேர்மையோ இரக்கமோ இல்லை, வேறொரு பயம். அழித்துவிட்டு, அழித்ததையும் மறந்துவிட்டால்? பிறகு சாகும்வரை அவன்தான் செய்தான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சத்தியம் செய்துகொண்டு திரிவாள். அதைப் பொய் என்று அவளுக்குச் சொல்ல உலகத்தில் எதுவுமே மிச்சம் இருக்காது.

திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று விடவும் முடியவில்லை. திங்கட்கிழமை இது தனக்குத் தெரிந்திருக்குமா? ஃபோனை எடுத்தாள்.

"பொறந்துடுச்சாப்பா?"

"இன்னும் இல்லக்கா. உள்ளதான் இருக்கா."

"நிதானம், நீ அந்தக் கட்டளையெல்லாம் எடுத்துப் பாத்தியா? அன்னைக்கு?"

வழக்கம்போல அவன் பதிலுக்கு நேரம் எடுத்துக்கொண்டான். "பாத்தேன்க்கா. அன்னைக்கு சாயங்காலமே."

"ஏன் சொல்லல?"

"நீங்க தெரிஞ்சேதான் சொல்றீங்கன்னு நினைச்சேன்." மறுபடியும் இடைவெளி. "உங்க வேலையைக் காப்பாத்திக்க சொல்றீங்கன்னு. அதுக்கப்புறம் எதிர்த்துப் பேசறதுக்கு... மனசே விட்டுப்போச்சு."

அவள் செத்துப்போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். "சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல. எனக்கு என்னமோ ஆயிட்டிருக்கு."

வாழ்க்கையில் முதல்முறையாக அதை வெளியே சொன்னாள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அவன் ஃபோனை வைக்கவில்லை.

அங்கிருந்து நேராக முதலாளி வீட்டுக்குப் போனாள். அவர் கேட்டுவிட்டு ரப்பர் பந்தை அமுக்கினார். மனிதருக்குக் கணக்கு தெரியும். வாடிக்கையாளர்கள் யாரை நம்பி இருக்கிறார்கள் என்றும் தெரியும்.

"வயசானா எல்லாருக்கும் மறதி வரத்தான் செய்யும். இதை வெளியில விட வேண்டாம். அவனுக்கு வேற இடத்துல சொல்லிவிடறேன். நீங்க பாட்டுக்கு இருங்க."

"நான் பாட்டுக்கு இருந்துதான் சார் இப்படி ஆச்சு. அவனை வைச்சுக்குங்க. என்னை எடுத்துடுங்க."

"வேலையை விட்டா?"

"ரூட்லேருந்து. ஃபோன் எடுத்துப் பேசறேன், வேற என்ன சொன்னாலும் செய்யறேன். அது மட்டும் என் கையில வேண்டாம்."

முதலாளி ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை நிதானம் வந்தான். பெண் குழந்தை. இனிப்புப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவனுக்கென்று ஒரு தனிக் கணக்கு, அவளுக்கென்று ஒரு தனிக் கணக்கு. அவளுடையதில் அவளுடைய ஃபைலைத் தவிர வேறு எதையும் தொட முடியாது. என்னென்ன செய்யவேண்டும் என்று அவளே பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்றுகூடத் தவறவில்லை. ரூட்டுக்குப் புதுப் பாஸ்வேர்டு அடிக்கும் கட்டம் வந்தது.

"திரும்பிக்கிறேன், அடி" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றாள். சுவரில் டயர் கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கியது. அவன் எழுத்துகளை மெதுவாக, ஒவ்வொன்றாக அடிக்கும் சத்தம் கேட்டது. இந்த ஒரு தரமாவது சீக்கிரம் அடிக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

அந்தப் புதன்கிழமை தம்பி மனைவியோடு டாக்டரிடம் போனாள். டாக்டர் சொன்னது இரண்டு பேருமே எதிர்பார்த்ததுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரூட்டம்மா விடுவித்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகும் ஆபீஸுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். தம்பி காலையில் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். ஃபோன் எடுப்பாள், பையன்களை முன்போலவே திட்டுவாள். நல்ல நாட்களில் நன்றாகவே இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தாள். டிரைவிங் ஸ்கூல் சைட்டில் ஒரு சின்னத் தகராறு. இரண்டு நிமிட வேலை. பழைய ரூட் பாஸ்வேர்டை அடித்தாள். சர்வர் ஏற்கவில்லை. எழுத்தெழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்தாள். ஏற்கவில்லை. தன் பெயரில் உள்ளே போய் அந்த ஃபோல்டரைத் திறக்கப் பார்த்தாள். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. அவளைப் பார்த்து அந்தச் சர்வர் அப்படிச் சொன்னதே இல்லை. முகமெல்லாம் ரத்தம் ஏறியது.

"யாரு என்னை எடுத்தது?"

நிதானம் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "நீங்கதான்க்கா எடுக்கச் சொன்னீங்க."

"நானா? என்ன பேசற நீ? நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

அவன் சொன்னான். பல் ஆஸ்பத்திரியின் ஃபோனிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல், குரலை உயர்த்தாமல் சொன்னான். யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியின் கூண்டு வந்த இடத்தில் அவள் கை வாய்ப்பக்கம் போனது.

"உம்மேலயா பழி போட்டேன்?"

"வேணும்னு போடலக்கா."

"உன் பொண்டாட்டி மாசமா இருந்தாளே."

"இப்போ குழந்தை பொறந்தாச்சுக்கா. நல்லா இருக்கு."

அவள் வெகுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ சரியாத்தான் சொல்லியிருக்கேன். மறுபடி வந்து கேட்டாலும் குடுக்காதே. சண்டை போட்டாலும் குடுக்காதே."

"சரிக்கா."

வியாழக்கிழமை மறுபடி கேட்டாள். சண்டையும் போட்டாள். அவன் கொடுக்கவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான், அவன்மேல் அவள் பழி போட்டதை மட்டும் விட்டுவிட்டு.